கேஷும் காசும்: கொஞ்சம் நிறுத்துங்கப்பா!

போன வாரம் எங்கள் துறையின் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் விடுதி அறைக்கு வந்தான். தமிழ் மன்றப் பேச்சுப் போட்டியாம். தலைப்பு 'தமிழின் பெருமை'. (வேறு என்ன தலைப்பு வைத்திருக்கிறார்கள் இதுவரை?) "அண்ணா, நீங்க ஃபர்ஸ்ட் இயர்ல கப்பு வாங்கின ஸ்பீச் இருக்காமே, கொஞ்சம் தாங்கண்ணா" என்றான். தேடி எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் பேனாவை எடுத்து ஒரு பத்தியை மட்டும் குறுக்கே அடித்தேன். பையன் முகம் சுருங்கிப் போச்சு.

"அண்ணா, அதுக்குத்தானண்ணா கைதட்டலே வந்துச்சாம்!"

உண்மைதான். அதற்குத்தான் வந்தது. "ஆங்கிலேயன் பையில் வைத்திருக்கும் 'கேஷ்' எது? நம் 'காசு' அல்லவா? காசு என்ற சொல்லைக்கூட நம்மிடம் கடன் வாங்கியவன் அல்லவா அவன்?" என்று மைக்கைப் பிடித்து நான் கேட்க, அரங்கமே அதிர்ந்தது. நடுவர்கள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். கோப்பை இன்னும் என் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது, அம்மா வாரா வாரம் துடைக்கிறார்.

ஆனால் நான் சொன்னது தப்பு. ஆங்கிலத்தின் 'கேஷ்', அதாவது "கேஷா கார்டா?" என்று கடையில் கேட்கிறார்களே அந்தக் கேஷ், நம் காசிலிருந்து வரவில்லை. இதைச் சொன்னதற்காக ஏற்கனவே எனக்கு 'தமிழ்த் துரோகி' பட்டம் ஒன்று கிடைத்துவிட்டது. அதனால் ஒருமுறை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலியனில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. வியாபாரி பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குள் 'கேஷ்' என்று நுழைகிறது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது! ஜான் ஃப்ளோரியோ என்பவர் 1598இல் ஒரு இத்தாலிய - ஆங்கில அகராதி போட்டார். அதில் 'காஸ்ஸா'வுக்குப் பொருள் சொல்லும்போது வியாபாரியின் 'கேஷ்' என்கிறார். பெட்டியைத்தான் சொல்கிறார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியைப் போட்டபோதும் பிரெஞ்சு 'கெஸ்'ஸையே மூலமாகக் காட்டினார். போகப்போகப் பெட்டி என்ற பொருள் மங்கி, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது.

பெட்டியின் பெயர் பணத்தின் பெயராக மாறுமா என்று கேட்கிறீர்களா? நாமே தினமும் மாற்றுகிறோமே! "படம் நல்லா கல்லா கட்டிருச்சு" என்கிறோம். கல்லா என்பது பெட்டி. கட்டியது பெட்டியையா? "அவரு பெட்டி வாங்கிட்டாருப்பா" என்று அரசியல்வாதியைப் பற்றிப் பேசும்போது, அவர் சரவணா ஸ்டோர்ஸில் சூட்கேஸ் வாங்கினார் என்றா புரிந்துகொள்கிறோம்? :-)

இப்போது தேதியைப் பாருங்கள். ஃப்ளோரியோவின் அகராதி 1598. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. கம்பெனி மசூலிப்பட்டினத்தில் கால் வைத்தது 1611. மதராசில் இடம் வாங்கியது 1639. கம்பெனி பிறப்பதற்கு முன்பே லண்டன் வியாபாரி தன் பெட்டியைக் 'கேஷ்' என்று கூப்பிட ஆரம்பித்தாயிற்று. இதில் நாம் எங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தோம்?

தேதி வேண்டாமா, சரி, அக்கம்பக்கம் பாருங்கள். ஜெர்மன்காரன் கடையில் பணம் கட்டப் போகும் இடம் 'காஸெ'. இத்தாலிக்காரனுக்கு 'காஸ்ஸா'. ரஷ்யாவில் டிக்கெட் வாங்கும் ஜன்னல் 'காஸ்ஸா'. ஸ்பெயினில் பெட்டியும் 'காஹா', கடையில் பணம் கட்டும் இடமும் 'காஹா'. இத்தனை பேரும் திருநெல்வேலிக்கு வந்து கற்றுக்கொண்டு போனார்களா? ஆங்கிலத்திலேயே பெட்டி என்று பொருள்படும் 'கேஸ்' இருக்கிறது (சூட்கேஸ், புக்கேஸ்), மாத்திரை 'கேப்ஸ்யூல்' இருக்கிறது. எல்லாம் அதே காப்ஸா வயிற்றுப் பிள்ளைகள். கேப்ஸ்யூல் என்றால் குட்டிப்பெட்டி, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் 'கேஷ் பாக்ஸ்' என்பதே 'பெட்டிப் பெட்டி'. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்த பிறகு ஊரெல்லாம் முழங்கினார்களே, 'கேஷ்லெஸ்' என்று... மூலத்தைப் பிடித்து இழுத்தால் 'பெட்டி இல்லாதது' என்று அர்த்தம். ஏடிஎம் வாசலில் நின்றபோது நம் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

இங்கேதான் ஒரு கூட்டம் குதிக்கும். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், இந்தத் தமிழ் வெறியனுங்க எல்லாத்தையும் தமிழ்னு சொல்வானுங்க" என்று. எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு மச்சி உண்டு. "ஆமா ஆமா, மைக்ரோசாஃப்ட்கூட மயிலாப்பூர்லேர்ந்து வந்ததுதான்" என்பான். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் உட்கார் ராசா, உன் பங்கும் இருக்கு.

ஏனென்றால் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஒன்றில்லை. இரண்டு இருக்கிறது.

நல்ல அகராதி எதையாவது புரட்டினால் 'கேஷ்' தனித்தனியாக இரண்டு தடவை வரும். நமக்கு ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் வேறு வேறல்லவா, அதுபோல. முதல் கேஷ், மேலே சொன்ன பெட்டி. இரண்டாவது கேஷ் ஒரு நாணயம். ஆசியாவில், அதாவது தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சின்னஞ்சிறு செப்பு நாணயம். அந்த இரண்டாவது கேஷ்... ஆமாம், நம் காசேதான்! சந்தேகமே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே தமிழ்க் காசைத்தான் காட்டுகிறது.

இந்தக் கதை, நான் மேடையில் விட்ட கதையைவிட எவ்வளவோ சுவாரசியம். போர்ச்சுக்கீசியர் 1510இல் கோவாவைப் பிடிக்கிறார்கள், 1511இல் மலாக்காவைப் பிடிக்கிறார்கள். மலாக்காவில் அப்போது தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். இந்தப் பக்கத்துச் சில்லறை நாணயங்களின் பெயர் 'காசு' என்று போர்ச்சுக்கீசியர் காதில் விழுகிறது. அவர்கள் வாயில் அது 'காய்ஷா' ஆகிறது. ஏன் காய்ஷா? அவர்கள் மொழியில் ஏற்கனவே காய்ஷா என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு என்ன பொருள் தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் போர்ச்சுக்கீசியப் பிள்ளை! தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துவிட்டார்கள். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனபோது அதற்குள் ஒரு 'கேட்' பூனை புகுந்துகொள்ளவில்லையா, அப்படி.

போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து ஆங்கிலேயன் எடுத்தான். அவனிடமும் பெட்டிக் 'கேஷ்' தயாராக இருந்தது. எழுத்தையும் உச்சரிப்பையும் அதற்கே பொருத்திவிட்டான். இப்படி எங்கிருந்தோ வந்த இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால், பார்க்கிறவன் அண்ணன் தம்பி என்றுதானே நினைப்பான்? நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

யூலும் பர்னலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' 1886இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. (பர்னல் நம் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.) தமிழ்க் காசுக்கும் பின்னால் சமஸ்கிருதத்தின் 'கர்ஷ' இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அதில் எல்லோரும் உடன்படவில்லை, அது தனிச் சண்டை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போனது காசு என்ற வடிவம்தான் என்பதில் சண்டை இல்லை.

சும்மா புத்தகத்தில் இருக்கிற சங்கதி இல்லை இது. கையில் தொட்டுப் பார்க்கலாம். கம்பெனி காலத்து மதராசில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கம்பெனி தன் நாணயங்களில் 'கேஷ்' என்றே பொறித்தது. 1808இல் இங்கிலாந்தில் அடித்த இருபது காசு நாணயம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் மேலே பாரசீக எழுத்தில், இருபது 'காஸ்' நாலு ஃபலூஸுக்குச் சமம் என்றிருக்கும். அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது போட்டு ஆங்கிலத்தில் 'கேஷ்'. ஒரே பக்கத்தில் ஒரே சொல், இரண்டு வேஷம். பாரசீகம் எழுதியவர் காதில் கேட்டபடி 'காஸ்' என்று எழுதிவிட்டார். ஆங்கிலக்காரன்தான் சட்டை மாட்டியிருக்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த நாணயங்களை மதராசுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்து அள்ளினார்கள். லட்சக்கணக்கில் வந்தது. இன்றைக்கும் இணையத்தில் ஏலத்தில் கிடைக்கிறது. நம் ஊர் டீக்கடைக்கு வந்து சேர வேண்டிய சில்லறை, பாவம்!

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். அந்தச் செப்புக் காசில் ஆங்கிலத்தில் 'ஒன் கேஷ்' என்று போட்டு 1940களிலும் வெளியிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பழைய டப்பாவில் ஒன்றிரண்டு கிடக்கலாம். புதுக்கோட்டையில் 'அம்மன் காசு' இருந்தது. சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைப்பார்களே (நம் ஓட்டைக் காலணா மாதிரி, ஆனால் ஓட்டை சதுரம்), அந்த நாணயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? கேஷ்! இன்றுவரை அருங்காட்சியகச் சீட்டுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சீனர்கள் தங்கள் மொழியில் அதைக் 'கேஷ்' என்று சொன்னதே இல்லை. சீனாவின் செப்புக் காசை உலகம் தமிழ்ப் பெயரில் கூப்பிடுகிறது.

சொல்லுங்க மக்களே, இது பெருமை இல்லையா? இதற்குக் கைதட்ட முடியாதா?

ஆனால் இது எந்த ஃபார்வர்டிலும் வராது. முன்னே மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸப்பில் வருகிறது, பட்டியல் மட்டும் மாறவே இல்லை. ஒன்று - ஒன். எட்டு - எய்ட். வெற்றி - விக்டரி. கொல் - கில். காசு - கேஷ். 'தமிழனாக இருந்தால் பத்து பேருக்கு அனுப்பு.'

அந்த எட்டையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எய்ட்டைப் பின்னோக்கித் தள்ளினால் பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்ட'. ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டைப் பின்னோக்கித் தள்ளினால்? எண்பது, எண்ணூறு, எண்திசை... 'எண்' என்று வருகிறது. இன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற எட்டும் எய்ட்டும், பின்னால் போகப் போக விலகிக்கொண்டே போகின்றன. உறவு என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு மொழியியலில் முனைவர் பட்டம் வேண்டாம், பள்ளிக்கூடத் தமிழ் போதும்.

"பாவாணரைவிட நீ பெரிய ஆளா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. பாவாணரோடு உடன்படுகிறோமோ இல்லையோ, அவர் வாழ்நாள் முழுக்கச் சொற்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர். நீங்களும் நானும் தோண்டியது கைபேசித் திரையை மட்டும்தான். அவர் பெயரைக் கேடயமாகப் பிடிக்கிறவர்களில் அவர் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டியவர் எத்தனை பேர்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு இடத்தில். அதே பட்டியலில் 'பறையர் - பரையா' என்றும் இருக்கும், பக்கத்தில் கைதட்டும் பொம்மையோடு. ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் என்ன தெரியுமா? எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன். பறை என்ற இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்த ஒரு சமூகத்தின் பெயரை, நாம் அந்த மக்களை நடத்திய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுச்சொல்லாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனான். இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் ஏதாவது ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தால் கூச்சமில்லாமல் அந்தச் சொல்லைப் போடுகின்றன. இது தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த கொடையா? சத்தியமாகப் பட்டியலில் இருக்க வேண்டிய சொல்தான், ஆனால் பெருமைப் பட்டியலில் இல்லை. என் பேச்சிலும் அது இருந்தது. அடித்த பத்தியில் அதுவும் சேர்த்தி. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, அதோடு இது... மூச்சுவிடாமல் அடுக்கினேன். அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்களில் யாருக்காவது அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

அந்த மயிலாப்பூர் மச்சியிடம் ஒருநாள் 'கேட்டமரான்' தமிழ்ச்சொல் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "இதுவும் உன் கேஷ் மாதிரியா?" என்றான். அகராதியைத் திறந்து காட்டும்வரை நம்பவில்லை, காட்டிய பிறகும் அரைமனசுதான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. என் கோப்பைப் பேச்சைக் கேட்டவன் அவன். பொய்க் காசையும் நல்ல காசையும் ஒரே சுருக்குப்பையில் போட்டுக் குலுக்கினால் கடைக்காரன் இரண்டையும்தான் கல்லில் தட்டிப் பார்ப்பான்.

அதே மச்சிக்கு இன்னொரு செய்தி. 'துட்டு' என்று தினமும் சொல்கிறாயே, அது டச்சுக்காரனின் 'டைட்' என்ற செப்பு நாணயம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது. அவன் நாணயத்தின் பெயரை நாம் எடுத்துக்கொண்டோம், நம் நாணயத்தின் பெயரைப் போர்ச்சுக்கீசியனும் ஆங்கிலேயனும் எடுத்துக்கொண்டார்கள். 'பணம்'கூட ஆங்கிலத்தில் 'ஃபனம்' ஆகி அகராதி ஏறியிருக்கிறது. துறைமுகம் என்றால் நாலு கை மாறத்தான் செய்யும்.

காசு என்ற சொல்லுக்கு வெள்ளைக்காரன் சான்றிதழ் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளி அலகில் பிடித்த வேப்பம்பழத்தைப் பொற்காசுக்கு உவமை காட்டுகிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்தில் கோயில் முதலை ஊர்ச்சபைகளுக்குக் கடன் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடு சொல்லும்போதுகூட நாள், மலர், காசு, பிறப்பு என்றுதானே ப்ளஸ் டூவில் உருப்போட்டோம்? ஆங்கிலம் பிறந்து தவழ்வதற்கு முன்னால் இங்கே புழங்கிய சொல். அதைக் கொண்டுபோய் இங்கிலாந்துக்காரனின் பணப்பெட்டிக்குள் திணித்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறோமே, இது தமிழ்ப் பெருமையா, இல்லை ஆங்கில மோகமா?

தம்பிக்கு அடித்த பத்திக்குப் பதில் வேறு எழுதிக் கொடுத்தேன். மூழ்கிய கப்பல், இருபது காசு நாணயம், சீனாவின் ஓட்டைக் காசு, எல்லாம் போட்டு. படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தாண்ணா இருக்கு. ஆனா அஞ்சு நிமிஷத்துல முடியாதே. 'கேஷ்னா காசு'ன்னா ஒரே வரி."

கடிகாரத்தை வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். கப்பலில் நிறுத்தி நிதானமாகப் படித்தும் மூன்றேகால் நிமிடம்தான் ஆனது. வெள்ளிக்கிழமை போட்டி. மச்சியையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.